தூசி இல்லாத கிளட்ச்

“பாஸ், பிணம் ஜில்லுன்னு இருக்கு” என்றாள் குருவி.

அவள் கை வைத்திருந்தது ஒரு லேப்டாப்பின் மேல். கறுப்பு உடம்பு, ஓரங்களில் சிவப்பு விளக்கு, பார்த்தவுடனே விலை கேட்கப் பயம் வரும் கேமிங் லேப்டாப். திரையில் ஒரு பந்தயக் கார் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பிக்கொண்டிருந்தது என்பதே மரியாதைக்குச் சொல்வது. நொண்டியடித்துக்கொண்டிருந்தது.

மேஜர் குனியாமல் கையை மட்டும் நீட்டி லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தார். மேஜர் என்றால் பட்டாளத்து மேஜர் இல்லை. துடைப்பத்தை விழுங்கியவர் போல விறைப்பாக நடப்பதால் தெருக்காரர்கள் வைத்த பெயர். தொழில், துப்பறிதல். குருவி அவருடைய உதவியாளர். அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்பது அவளோடு ஒரு நிமிஷம் நின்றால் புரிந்துவிடும்.

“பார்த்தீங்களா சார்? முதல் சில சுத்து ரேஸ் குதிரை மாதிரி ஓடும். அப்புறம் சொல்லி வச்சாப்பல படுத்துடும்” என்று நாற்காலியில் இருந்த பெண் ஸ்டீரிங்கிலிருந்து கையை எடுத்தாள். பகலில் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிறவள். மாலையில் இணையக் கார்ப் பந்தயத்தில் ‘ராக்கெட்’. இன்று மாலை லீக்கின் இறுதிப் பந்தயம். ஜெயிக்கிறவருக்குப் பெரிய பந்தயக் குழு ஒன்றில் இடம் காத்திருந்தது. சிறு வயதிலிருந்து அவள் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை.

“இது அவன் வேலைதான் சார்.”

“எவன்?”

“நத்தை. ஃபைனல்ல எனக்கு எதிரா ஓட்டப்போறவன். கேமரா போட மாட்டான், மைக் போட மாட்டான், யாரும் அவனைப் பார்த்ததில்ல. லீக் ரவுண்டுல என் வண்டி படுத்தப்போ பக்கத்துல புகுந்து ஜெயிச்சுட்டுப் போனான். நெட் வழியா என்னமோ பண்றான். வைரஸோ, வேற என்ன எழவோ.” அவள் போனை எடுத்துக் காட்டினாள். “லீக்குக்குப் புகார் ரெடி. அனுப்பினா ஃபைனலை நிறுத்திட்டு அவனுக்குத் தடை போடுவாங்க. ஆதாரம் ஒண்ணு கிடைச்சா போதும், அழுத்திடுவேன்.”

“ஆதாரம் கிடைக்கலைன்னா?”

“அப்பவும் அழுத்திடுவேன்.”

“மொதல்ல தூக்கு, அப்புறம் விசாரணை. எனக்கு இந்த ஜட்ஜைப் பிடிச்சிருக்கு பாஸ்” என்றாள் குருவி.

மேஜர் சிரிக்கவில்லை. அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஜன்னலோரம் மேசை. மேசையில் கவ்விப் பிடித்த ஸ்டீரிங். கீழே இரும்புச் சட்டத்தில் மூன்று பெடல்கள். லேப்டாப்பை நோக்கி ஒரு மேசை விசிறி. அதன் அடியில், சமையலறையிலிருந்து வந்திருந்த ஐஸ் தட்டு ஒன்று.

“ஐஸ் எதுக்கு?”

“சூடானா பிராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. பிரிச்சுத் தூசி தட்டியாச்சு, உள்ள சூடு தணிக்கிற பேஸ்ட் மாத்தியாச்சு, விசிறி வச்சாச்சு. எதுவும் கேக்கல.”

“கேக்காது. இதுக்கு ஜுரமே இல்ல, நீங்க நெத்தியில ஈரத்துணி போட்டுட்டு இருக்கீங்க” என்றார் மேஜர். “பிராசஸர் மந்தமாகறதுக்கு ரெண்டு வழி உண்டு. உடம்பு கொதிச்சா மந்தம். வயிறு காய்ஞ்சாலும் மந்தம். பிரிச்சுப் பார்த்த மெக்கானிக் என்ன சொன்னார்?”

“கடையில சிங்கம் மாதிரி ஓடுதுன்னார். நான் பொய் சொல்றேன்னு நினைச்சிருப்பார்.”

மேஜர் மெக்கானிக்கின் எண்ணை வாங்கி அழைத்தார். குருவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

“ஆமா சார், நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தேன். ஒரு திணறல் கிடையாது” என்றது மறுமுனை. “அந்த வீட்டுல பேய் கீய் இருக்கான்னு பாருங்க.”

“உங்க கடையில எந்தச் சார்ஜர் போட்டீங்க?”

“எங்க சார்ஜர்தான். அந்தம்மா லேப்டாப்பை மட்டும்தானே கொண்டு வந்தாங்க. ஒயரெல்லாம் மேசைக்கடியில கட்டிக் கெடக்கு, அவுக்க முடியாதுன்னாங்க.”

மேஜர் நன்றி சொல்லி போனை வைத்தார். “இன்னொரு தடவை ஓட்டுங்க” என்றார் ராக்கெட்டிடம்.

கார் சீறிக் கிளம்பியது. முதல் சுற்று, அடுத்த சுற்று. ராக்கெட்டின் கண் சாலையில் இருந்தது. குருவியின் கண் ராக்கெட்டின் விரல்களில் இருந்தது. மேஜர் மட்டும் காரைப் பார்க்கவே இல்லை. திரையின் கீழ் மூலையில் இருந்த தம்மாத்தூண்டு பேட்டரிப் படத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். கார் மறுபடி நொண்ட ஆரம்பித்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“ஒயர் சொருகியிருக்கு இல்ல?”

“சொருகித்தான் இருக்கு.”

“ஆனா பேட்டரி இறங்கிட்டே வந்துது. ஒரு அளவுக்குக் கீழ போனதும் வண்டி படுத்துது. குழாய் திறந்திருக்கு, தொட்டியில தண்ணி குறையுது. குருவி, என்ன அர்த்தம்?”

“வர்றதைவிடப் போறது ஜாஸ்தி. எங்கண்ணன் வீட்டுக்கு வந்தா பிஸ்கட் டப்பாவுக்கு நடக்கிற மாதிரி.”

“கீழ போ.”

குருவி மேசைக்கடியில் நுழைந்தாள். அங்கே ஒரு மரப்பெட்டி. ஒயர்கள் கண்ணை உறுத்தக் கூடாது என்று ராக்கெட்டின் கணவர் செய்து கொடுத்தது. மூடியைத் திறந்து, சிக்கலுக்குள்ளிருந்து சார்ஜரின் கறுப்பு அடாப்டரை இழுத்துத் திருப்பினாள். அடியில் எறும்பு வரிசை போலப் பொடி எழுத்து.

“நூத்தம்பது வாட்னு போட்டிருக்கு.”

“இருக்காதே!” ராக்கெட் எழுந்துவிட்டாள். “என்னோடது இருநூத்தி நாப்பது. வாங்கினப்போ தூக்க முடியாம தூக்கிட்டு வந்தேன்.”

“அதே கம்பெனி, அதே பின், அதே நிறம். பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும் எது அண்ணன் எது தம்பின்னு” என்று அடாப்டரோடு வெளியே வந்தாள் குருவி. தலையில் ஒட்டடை. “யானைக்கு முயல் சாப்பாடு போட்டிருக்காங்க பாஸ்.”

“மாத்திட்டான்!” ராக்கெட் போனைப் பாய்ந்து எடுத்தாள். “வீட்டுக்குள்ளயே ஆள் அனுப்பி மாத்தியிருக்கான்! இதோ ஆதாரம்!”

“அவசரப்படாதீங்க” என்றார் மேஜர். “உங்களைக் கவுக்க நினைக்கிறவன் சார்ஜரைத் தூக்கிட்டுப் போவான், இல்ல ஒயரை அறுப்பான். தன்னோட சார்ஜரை வச்சுட்டுப் போக மாட்டான். இது சதி இல்ல, குழப்பம். கோயில் வாசல்ல செருப்பு மாறிப்போற மாதிரி. அதாவது, இதே கம்பெனி லேப்டாப் வச்சிருக்கிற இன்னொருத்தர் இந்தப் பெட்டியைத் திறந்து மூடியிருக்கார். அவருக்கே இன்னும் விஷயம் தெரியாது.”

“இந்த ரூமுக்குள்ள யார் சார் வரப்போறாங்க?”

மேஜர் முதல் தடவையாகக் குனிந்தார். குருவி அதிசயமாகப் பார்த்தாள். அவர் பெடல்கள் மேல் விரலை ஓட்டினார். ஆக்ஸிலரேட்டர், பிரேக், கிளட்ச். விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“நீங்க கிளட்ச் உபயோகிப்பீங்களா?”

“இல்ல சார். கியர் ஸ்டீரிங் பின்னாடியே இருக்கு, விரலால தட்டினா போதும். இதுல யாருமே கிளட்ச்சைத் தொட மாட்டாங்க. அது சும்மா இருக்கு.”

“சும்மா இருக்கிற பெடல்ல தூசி இருக்கணுமே. மூணுலயும் இதுதான் பளபளன்னு இருக்கு.” மேஜர் நிமிர்ந்தார். “பெடல் சட்டம் இடம் மாறி இருக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா?”

ராக்கெட்டின் முகம் மாறியது. “ஆமா… சில நாள் வந்து உக்காந்தா கால் முட்டி இடிக்கும். பெடல் கிட்ட வந்திருக்கும். வீடு கூட்டறப்போ நகர்ந்திருக்கும்னு நினைச்சேன்.”

அப்போது கதவருகே நிழல் விழுந்தது. காபித் தட்டோடு ராக்கெட்டின் கணவர். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்து உள்ளே வந்தார்.

குருவி அவருடைய கால்களை மேலிருந்து கீழ்வரை அளந்தாள். அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. “இவர் இல்ல பாஸ். இவர் உக்காரணும்னா பெடலைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளணும்.”

“நான் என்ன பண்ணினேன்?” என்றார் கணவர்.

“ஒண்ணும் பண்ணல. உங்க கால் நீளம்தான் உங்களைக் காப்பாத்திச்சு” என்று காபியை எடுத்துக்கொண்டாள் குருவி.

மேஜர் கேட்டார்: “வீட்டுல வேற யார் இருக்காங்க?”

“எங்கம்மா மட்டும்தான்” என்றார் கணவர். “அவங்க இப்போ டிரைவிங் ஸ்கூல்ல இருப்பாங்க. அவங்களோட ஸ்கூல்தான்.”

காபி வாய்க்குப் போகும் வழியில் குருவியின் கை நின்றது. மேஜரும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“அம்மா என்ன உயரம்?” என்று மெதுவாகக் கேட்டார் மேஜர்.

கணவர் தன் முழங்கைக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார்.

“சான்ஸே இல்ல” என்றாள் ராக்கெட். “அத்தைக்கு இந்தக் கேம்னாலே ஆகாது. பொம்மைக் கார் ஓட்டறேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க.”

“சாயங்காலம் வரைக்கும் அந்தப் பட்டனை அழுத்தாதீங்க” என்றார் மேஜர். அடாப்டர் குருவியின் பையில் ஏறியது.

டிரைவிங் ஸ்கூல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. முன்னால் எல் போர்டு மாட்டிய ஒரு குட்டிக் கார் நின்றது. ஓட்டப் பழகுகிறவருக்கு ஸ்டீரிங் பக்கம் ஒன்று, சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பக்கத்து சீட்டில் ஒன்று என இரண்டு செட் பெடல். வகுப்பு முடிந்து ஒரு மாணவர் வியர்த்து விறுவிறுத்து இறங்கிப் போனார். பின்னாலேயே இறங்கிய அம்மாளுக்கு உருவம் சின்னது, குரல் பெரியது.

“லைசென்ஸா? போட்டோ கொண்டு வந்தீங்களா?” என்றார்.

“சார்ஜர் கொண்டு வந்தோம்மா” என்று குருவி பையிலிருந்து அடாப்டரை எடுத்து நீட்டினாள். “இது உங்க குழந்தை. மாறிப்போச்சு. எங்க குழந்தையைக் கொடுத்தீங்கன்னா நாங்க கிளம்பிடுவோம்.”

அம்மாள் அதைப் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு இருவரையும் கையைப் பிடித்து ஆபீஸுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

“என் பையன் அனுப்பினானா?”

“மருமக.”

“அவளுக்குத் தெரிஞ்சுடுச்சா?” அம்மாள் தலையில் கை வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குரல் பாதியாகச் சுருங்கிவிட்டது. “அவ லேப்டாப்பை நான் தொட்டதே இல்ல. சத்தியம். அவ லேபுக்குப் போனதும் என் லேப்டாப்பை எடுத்துட்டுப் போய் அவ ஸ்டீரிங்ல மாட்டி ஓட்டுவேன். பெட்டிக்குள்ள ஒரு ப்ளக்கு போடத்தான் இடம் இருக்கு. அவளோடதைப் பிடுங்கிட்டு என்னோடதைப் போட்டு, திரும்ப மாத்தி வச்சுட்டு ஓடி வந்துடுவேன். ஒரு நாள் மாணவன் வாசல்ல நின்னு ஹாரன் அடிச்சுட்டே இருந்தான். அந்த அவசரத்துல…”

“எப்படிம்மா இந்தப் பழக்கம்?” என்று கேட்டார் மேஜர். அவர் குரலில் விசாரணை இல்லை.

“அவ ஓட்டறதைக் கதவு இடுக்குல பார்த்துத்தான்.” அம்மாள் ஜன்னல் வழியாகக் குட்டிக் காரைப் பார்த்தார். “எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து இந்த ஸ்கூல்தான் எங்களுக்குச் சோறு. நாள் முழுக்கப் பக்கத்து சீட்ல உக்காந்து, அடுத்தவங்க பயத்துக்கு பிரேக் மிதிச்சே என் கால் தேஞ்சுபோச்சு. ஆக்ஸிலரேட்டரை அடி வரைக்கும் மிதிச்சா எப்படி இருக்கும்னு எனக்கும் தெரிய வேணாமா? முதல் நாள் ஓட்டினப்போ காது அடைச்சுப் போச்சு. இறங்கினப்புறம் தெருவுல நடக்கவே சிரிப்பா இருந்தது.”

குருவிக்கு அந்த நேரத்துக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

“மருமககிட்டயே சொல்லியிருக்கலாமே” என்றார் மேஜர்.

“பொம்மைக் கார்னு அத்தனை தடவை சொல்லிட்டேன். எந்த மூஞ்சியோட போய்க் கேக்கறது?” அம்மாள் எழுந்து மேசையின் மேல் கிடந்த பழைய பெட்ஷீட்டை இழுத்தார். கீழே ஒரு லேப்டாப், பெடலோடு ஒரு மலிவு ஸ்டீரிங், தடிமனான ஓர் அடாப்டர். “சாயங்காலம் ஸ்கூல் மூடினப்புறம் இங்கயே ஓட்டுவேன். லேட் பேட்ச் நடக்குதுன்னு வீட்ல சொல்லியிருக்கேன்.”

குருவி இருநூற்று நாற்பது வாட் அடாப்டரைக் கழற்றக் கை நீட்டினாள். கை திரைக்கு நேராக வந்ததும் அப்படியே நின்றது.

“பாஸ்.”

“என்ன?”

“நீங்க உக்காந்துக்கறது நல்லது.”

மேஜர் திரையைப் பார்த்தார். பந்தயப் பக்கம் திறந்திருந்தது. மேலே, விளையாடுகிறவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல்: நத்தை.

விறைப்புக்குப் பெயர்போன முதுகு ஒரு நிமிஷம் வளைந்துவிட்டது. சார்ஜரையும் கிளட்ச்சையும் பெடலையும் கோர்த்து இந்த வாசல் வரை வந்தவர் இதை எதிர்பார்க்கவில்லை.

“அந்தப் பேர் எப்படிம்மா வச்சீங்க?” என்றார் கடைசியில்.

“பேர் கேட்டுது. அத்தைன்னு போடலாம்னு நினைச்சேன், அவ கண்டுபிடிச்சுடுவாளோன்னு பயம். முதல் எழுத்தை மட்டும் மாத்திட்டேன்.”

“ஒரே ஒரு ‘ந’ பாஸ்!” குருவி மேசையைத் தட்டினாள். “காலையிலேர்ந்து அந்தப் பொண்ணு நத்தை நத்தைன்னு கத்துது, அத்தை அத்தைன்னும் சொல்லுது, நாம ரெண்டு பேரும் காதுல பஞ்சு வச்சுட்டு நின்னுருக்கோம்!”

அம்மாள் சிரிக்கவில்லை. அவர் வேறு எதையோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருங்க. இந்தச் சார்ஜர் மாறினதாலதான் அவ வண்டி படுக்குதா?”

“ஆமாம்மா.”

“அப்போ… லீக் ரவுண்டுல நான் அவளை முந்தினது?”

அம்மாளின் கண் கலங்கியது. “அன்னிக்கு இந்த ரூம்ல தனியா ஆடினேன் சார். என் மருமகளையே ஜெயிச்சுட்டேன்னு. அவ சாப்பிடாம படுத்தா. எனக்கு மனசு கேக்கல, ஆனா உள்ளுக்குள்ள குதிச்சுட்டுத்தான் இருந்தேன். கடைசியில பசியோட இருந்தவளைத்தான் ஜெயிச்சிருக்கேனா?” ஸ்டீரிங்கின் ஒயரைப் பிடுங்கினார். “நான் விலகிடறேன். அவளே எடுத்துக்கட்டும்.”

“அதை என்கிட்ட சொல்லாதீங்க” என்றார் மேஜர். “வீட்டுக்கு வந்து அவங்ககிட்ட சொல்லுங்க.”

வீட்டுக்குள் அம்மாள் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நுழைந்தார். பின்னால் ஸ்டீரிங், பெடல், இரண்டு சார்ஜரோடு குருவி. ராக்கெட் போனைக் கையில் வைத்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்தாள், லேப்டாப்பைப் பார்த்தாள்.

“அத்தை? நீங்களா எடுத்தீங்க?”

“சார்ஜர் மட்டும் இல்ல கண்ணு” என்று அம்மாள் லேப்டாப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

ராக்கெட் பெயரைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தாள். கணவர் எட்டிப் படித்துவிட்டு, தானும் உட்கார்ந்தார்.

“அந்த மலைப்பாதை வளைவுல என்னை உள்பக்கமா முந்தினது நீங்களா?”

“மன்னிச்சுடும்மா. உன் வண்டிக்குச் சாப்பாடு பத்தலைன்னு எனக்குத் தெரியாது. இப்பவே விலகிடறேன். அந்த இடம் உனக்குத்தான்.”

ராக்கெட்டுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து நத்தை மேல் வராத கோபம். “விலகினீங்கன்னா இந்த ஜென்மத்துல உங்ககூடப் பேச மாட்டேன். நாளைக்கு யாராவது கேட்டா எங்கத்தை விட்டுக் கொடுத்தாங்க, நான் வாங்கிக்கிட்டேன்னு சொல்லணுமா?” போனில் புகாரை அழித்தாள். “எடுங்க உங்க சார்ஜரை. உக்காருங்க.”

மாலையில் வீடே பந்தய மைதானம் ஆனது. ராக்கெட் தன் அறையில், முழுச் சாப்பாடு கிடைத்த லேப்டாப்போடு. அம்மாள் கூடத்தில் சாப்பாட்டு மேசையில். மலிவு ஸ்டீரிங் மேசையைக் கவ்வ மறுத்ததால், குருவி தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் படிச்ச படிப்புக்கு இந்த வேலைதான்” என்றாள்.

“பேசாதே, வளைவு வருது” என்றார் அம்மாள்.

மேஜரும் கணவரும் இரண்டு அறைக்கும் நடுவில், யாருக்குக் கை தட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். ராக்கெட்டின் வண்டி இந்தத் தடவை படுக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று அம்பாகப் பறந்தது. ஆனால் நத்தை ஒட்டிக்கொண்டே வந்தது. முந்தியது, பின்தங்கியது, மறுபடி முந்தியது. அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றும்போதெல்லாம் இடது கால் கிளட்ச்சைத் தேடி மிதித்தது. கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் இரண்டு கார்களும் உரசிக்கொண்டு நுழைந்தன. டயர் கிறீச்சிட்ட சத்தம் இரண்டு அறையிலிருந்தும் ஒன்றாகக் கேட்டது.

வெளியே வந்து முடிவுக் கோட்டைத் தாண்டியபோது ராக்கெட்டின் கார் முன்னால் இருந்தது. மூக்கு நுனி அளவுக்கு.

கணவர் துள்ளிக் குதித்தார். அம்மாவின் முதுகைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார். அம்மாள் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குருவி ஸ்டீரிங்கை விட மறந்து போயிருந்தாள்.

ராக்கெட் அறையிலிருந்து ஓடி வந்தாள். ஜெயித்த முகமாக இல்லை. சந்தேகம் அப்பிய முகம். மேசையருகே வந்து நின்று, மூச்சு வாங்கக் கேட்டாள்.

“அத்தை, உண்மையைச் சொல்லுங்க. கடைசி வளைவுல எனக்கு விட்டுக் கொடுத்தீங்களா?”

அம்மாள் நாற்காலியோடு திரும்பினார். கண்ணில் நெருப்பு.

“விட்டுக் கொடுக்கறதா? உன்னைக் கொண்டுபோய்ச் சுவத்துல சாத்தத்தான் பார்த்தேன்! எப்படிடி நழுவினே? மொதல்ல அதைச் சொல்லு!”